பெல்ட் பின்னிய கட்டில்

அன்று மத்தியானம் அபுதாபியில், பட்டறைகள் நிறைந்த முசஃபாவில், எங்கள் குஷன் கடை முன்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிடுகிறேன். முதலாளி சாகுல் பாய், கையில் குடிக்காமல் ஆறிப்போன சுலைமானி டீ. வெல்டர் கோபால், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. பக்கத்துக் கடை டிங்கர் குல் கான், பெஷாவர் பக்கத்துக்காரர், சுத்தியலைக் கைக்குழந்தை மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு. எதிர்க்கடையில் ரேடியேட்டர் ஓட்டை அடைக்கும் மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர், கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்தவர். வண்டியின் சொந்தக்காரர் கல்ஃபான், உள்ளூர் அரபி. அவர் வீட்டு வேலைக்காரப் பெண், இந்தோனேசியாக்காரி, இரண்டு செருப்பைக் கையில் வைத்திருந்தாள். செருப்பு அவளுடையது இல்லை. பிறகு நான். எட்டாவது ஆள் நிற்கவில்லை. கல்ஃபானின் அம்மா. நாங்கள் செய்த படுக்கையில் படுத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் செருப்புதான் அது.

முசஃபாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் விசித்திரம் புரியும். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தெருவில் காலை ஏழு மணிக்குத் தகரம் அடிக்க ஆரம்பித்தால் இரவு சாப்பாடு வரை சத்தம் ஓயாது. கிரைண்டர், கம்ப்ரஸர், ரிவர்ஸ் எடுக்கும் லாரி. காதுக்குள் ஒரு இரைச்சல் வந்து குடியேறிவிடும். லீவில் ஊருக்குப் போனாலும் கூட வரும். அந்தத் தெரு அன்று வாயை மூடிக்கொண்டு நின்றது. ஒரு மூதாட்டி தூங்குகிறார் என்பதற்காக. வேறு எதற்காகவும் அது நின்று நான் பார்த்ததில்லை.

நான் மாரிமுத்து. பெரம்பலூர்ப் பக்கம். ஆறாவதோடு படிப்பு முடிந்தது. கொஞ்சநாள் லாரியில் கிளீனர், அப்புறம் திருச்சியில் சீட் தைக்கிற கடை, அங்கிருந்து அபுதாபி. இங்கே கார் சீட், போட் சீட், ஒரு தடவை ஒட்டகப் பந்தயச் சேணத்துக்கு மெத்தை, எல்லாம் தைத்திருக்கிறேன். தொழிலாளர் கேம்ப்பில் என் கட்டில் இரண்டடுக்கில் கீழ்ப் பங்க். இரும்பு. வந்த முதல் வாரமே கடையில் மிஞ்சிய ஃபோமை வெட்டி அதற்கு ஒரு மெத்தை தைத்தேன். அதனால் அளவு தெரியும். அகலம் முப்பது அங்குலம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சட்டம். மேலே படுத்தவர் புரண்டால் என் கட்டில் ஆடும். ஏசி லாரி மாதிரி உறுமும். ஒருத்தர் டூட்டி முடிந்து வருவார், ஒருத்தர் டூட்டிக்குக் கிளம்புவார். அதில் நான் கல் மாதிரித் தூங்குவேன்.

ஊரில்தான் தூங்க முடியவில்லை. போன லீவில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். செல்வி, என் மனைவி, நான் வருகிறேன் என்று ஆறடி அகலத்துக்குத் தேக்குக் கட்டில் செய்து போட்டிருந்தாள். பலகை போட்ட கட்டில். மேலே புது மெத்தை, பூப்போட்ட விரிப்பு. படுத்தால் கையை நீட்டினால் சட்டம் இல்லை. காலை நீட்டினால் சுவர் இல்லை. சத்தமும் இல்லை. எழுந்து வெளியே போய் நிற்பேன். பம்பு செட் ஓடினால் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கண் சொருகும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. பகலில் ஆட்கள் வருவார்கள், வாய் விட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "வெளிநாட்டுக்காரருக்கு நம்ம ஊரு அலுப்பா இருக்கு" என்பார்கள். அவர்கள் சொன்னது பரவாயில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வி சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு மாசமும் நீங்க தூங்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பக்கத்துல படுக்கப் புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க." இல்லை என்றேன். வேறு என்ன என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கல்ஃபானின் வண்டி எங்கள் கடைக்கு வந்தது குளிர் தொடங்குகிற சமயம். பெட்டி என்றுதான் நாங்கள் சொன்னோம். பாப்-அப் கேம்பர் என்பது அதன் பெயர் என்று கல்ஃபான் சொன்னார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு அமெரிக்கக்காரரிடம் வாங்கியது. இரண்டு சக்கரம், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கலாம். மூடியிருந்தால் பெரிய ஐஸ்பெட்டி மாதிரி இடுப்பு உயரம். மூலையில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றச் சுற்ற மூடி மேலே எழும்பும். பிறகு முன்னும் பின்னும் ஒவ்வொரு படுக்கையை மேசை டிராயர் மாதிரி வெளியே இழுக்க வேண்டும். அவை அந்தரத்தில் நிற்கும், கீழே இரண்டு கம்பி முட்டு. சுற்றிலும் கேன்வாஸ். கோபால் சுற்றி வந்து பார்த்தான். அவன் மன்னார்குடிக்காரன், வாய் சும்மா இருக்காது.

"யோவ் மாரி, இவங்களுக்கு மாளிகை மாதிரி வீடு இருக்கு. இதுல எதுக்குய்யா படுக்கணும்? நம்ம கேம்ப்ல ஒரு நாளு வந்து படுக்கச் சொல்லு, சும்மாவே தரலாம்."

கல்ஃபான் அரபியும் இந்தியும் கலந்து பேசுவார். முசஃபாவில் எல்லோருக்கும் அதுதான் பாஷை. எனக்கு விளங்கியது இவ்வளவு. அவர் அப்பா தவறிப்போனார். அதிலிருந்து அம்மாவுக்குப் புது வீட்டில் தூக்கம் இல்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைக்கிறார். சின்ன வயதில் லிவா பக்கம் பாலைவன மணலில் வளர்ந்தவர். குளிர்காலத்தில் மறுபடி அங்கே போய் இருக்கவேண்டும் என்கிறார். ஆனால் இடுப்பில் ஆபரேஷன், மணலில் படுத்தால் எழ முடியாது. அதற்காகத்தான் பெட்டி. ஒரு தடவை கூட்டிப்போனார்கள். படுக்கை ஆகவில்லை. எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். இப்போது பள்ளிக்கூட விடுமுறை வருகிறது. அண்ணன் தம்பி எல்லோரும் குடும்பத்தோடு போகிறார்கள். படுக்கை சரியாக இல்லாவிட்டால் நான் வரமாட்டேன், நீங்கள் போங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது கல்ஃபான் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இது என்னா பெரிய வேல?" என்றார் சாகுல் பாய். ராமநாதபுரம் கடற்கரைக்காரர், வியாபாரத்தில் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "ஒட்டகத்துக்கே மெத்த தச்சவன் எங்க மாரி. அம்மாவுக்கு தைக்க மாட்டானா? கலாஸ், முடிஞ்சுது."

பழைய மெத்தை இரண்டு அங்குலம். அழுத்தினால் அடியில் பிளைவுட் கையில் தட்டியது. அதற்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஈரம் பூத்திருந்தது. குளிர்காலத்துப் பனி, மூச்சுக் காற்று, எல்லாம் அடியில் இறங்கி நிற்கும். சரி, கனமாகத் தைப்போம் என்று ஆறு அங்குல ஃபோம் எடுத்தேன். நல்ல ஃபோம். மூலை வெட்டி, கேன்வாஸ் மடியும் இடத்தில் சரித்து, உறை போட்டு, ஓரத்துக்குப் பைப்பிங் தைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. சாகுல் பாய் ஏறிப் படுத்துப் பார்த்து, இறங்க மனமில்லாமல் இறங்கினார். கல்ஃபானுக்குப் போன் போட்டார். கல்ஃபான் வந்தார், கையால் தட்டினார், சிரித்தார். படுக்கைகளை உள்ளே தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினார். மூடி இறங்கியது. பாதியில் நின்றது.

அழுத்திப் பார்த்தோம். நான் ஒரு மூலை, கோபால் ஒரு மூலை, குல் கானைக் கூப்பிட்டு ஒரு மூலை. கோபால் மேலேயே ஏறி உட்கார்ந்தான். நாலு விரற்கடை இடைவெளி குறையவே இல்லை.

"மெத்த தைக்கச் சொன்னா நீ பெட்டிய மாசமாக்கி வச்சிருக்கியேய்யா," என்றான் மேலிருந்து.

குல் கான் விழுந்து விழுந்து சிரித்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. கல்ஃபான் சிரிக்கவில்லை. நான் விரித்து வைத்ததை அளந்தேன். மடித்ததை அளக்கவில்லை. கார் சீட் தைக்கிறவன்தான் இந்தத் தப்பைச் செய்வான். கார் சீட் எந்த நாளும் மடியாது. இது மடிகிற சாமான். மடிந்து மூடினால்தான் ரோட்டில் ஓடும். மூடிக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று அங்குலம்தான் இடம். அதற்குள்தான் என்ன சுகம் வேண்டுமோ அதைச் செய்துகொள்ள வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இதை நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது கிலோவுக்குள் லீவுப் பெட்டியைக் கட்டுகிற ஆளான எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினேன். ஜனவரியில் எனக்கு லீவு. செல்வி ஊர்ச் செய்தி எல்லாம் சொன்னாள். எங்கள் பாப்பா அ ஆ எழுதுகிறாள், பக்கத்து வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன், "டிக்கெட் போடச் சொல்லட்டுமா" என்று.

"போடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். போன தடவ மாதிரி கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு, விடியக்காலைல ரோட்டுல போயி நிக்கறதா இருந்தா, வராதீங்க. அந்தக் காசு பாப்பா பேர்ல போட்டுருங்க. ஊரு என்னயத்தான் கேக்குது, உம் புருசனுக்கு என்னாச்சுன்னு."

"தூங்குவேன்" என்றேன்.

"எப்புடி?"

கார்டில் காசு தீர்ந்தது.

அடுத்ததாக மூன்று அங்குலத்துக்கு மிருதுவான ஃபோம் போட்டேன். மூடி மூடியது. இந்தத் தடவை கல்ஃபான் அம்மாவையே கூட்டிவந்தார். அவர் கறுப்பு அபாயா, முகத்தில் பழைய காலத்து மின்னுகிற முகமூடி, கையில் தடி. கண் மட்டும் தெரிந்தது. கண் எல்லாவற்றையும் பார்த்தது. தையல் மெஷினைப் பார்த்தது, சுவரில் மாட்டியிருந்த பிஸ்மி காலண்டரைப் பார்த்தது, என் வெறும் காலைப் பார்த்தது. தடியால் மெத்தையை ஒரு குத்துக் குத்தினார். 'டொக்' என்று பிளைவுட் பேசியது. ஏறி உட்கார வைத்தோம். இடுப்புப் பக்கமாக ஒரு நொடி சாய்ந்தார். உடனே கையை நீட்டினார், இறக்கிவிடச் சொல்லி. மகனிடம் நீளமாக ஏதோ சொன்னார். சண்டை மாதிரி இல்லை. முடிவு சொல்கிற மாதிரி இருந்தது. கல்ஃபான் என்னிடம், "போகமாட்டாளாம். நாற்காலியே போதுமாம்," என்றார். சாகுல் பாய் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார்.

கார் கொஞ்சம் தள்ளி நின்றது. டிரைவர் எடுத்துவரப் போனான். அதுவரை நிற்க முடியாமல் அம்மா குல் கான் கடை முன்னால் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார். குல் கான் மாதிரிப் பட்டாணியர்கள் கடை வைத்தால் வாசலில் ஒரு கட்டில் போடாமல் இருக்க மாட்டார்கள். சார்பாய் என்பார்கள். குல் கானின் சார்பாய்க்குக் கயிறு இல்லை. அடிபட்டு வந்த கார்களில் கழற்றிய சீட் பெல்ட்களால் பின்னியிருந்தார். கறுப்பு, சாம்பல், ஒரு வரிசை சிவப்பு. கார் வந்து ஹாரன் அடித்தது. அம்மா எழவில்லை. மறுபடி அடித்தது. தடியை டிரைவரை நோக்கி ஆட்டினார். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் கையை ஊன்றி, அந்தப் பெல்ட்களைத் தடவிப் பார்த்தார்.

"பாய், ஏ காடி மே லகாவ்," என்றார் என்னிடம் இந்தியில். இதை வண்டியில் போடு. முதல் தடவையாக என்னிடம் நேரே பேசினார்.

எனக்கு அந்தக் கட்டில் தெரியாதது இல்லை. நம் பக்கத்து நாடாக் கட்டில்தானே. லாரியில் கிளீனராக இருந்தபோது திருச்சி ரோட்டில் லாரி ஓட்டல்கள் முன்னால் வரிசையாகக் கிடக்கும். சாப்பாடு முடிந்ததும் டிரைவர் ஒன்றில் விழுவார், நான் ஒன்றில் விழுவேன். தலைமாட்டில் லாரிகள் பறக்கும். முகத்தில் வெயில் ஏறின பிறகுதான் எழுந்திருப்பேன். தினமும் குல் கான் கட்டிலைத் தாண்டித்தான் நான் டீக்குப் போவேன். அதில் உட்கார்ந்து டீயும் குடித்திருக்கிறேன். பெட்டிக்கு அது ஆகும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மெத்தை தைக்கிறவனுக்கு மெத்தைதான் தோன்றும்.

பிளைவுட்டைக் கழற்றினோம். அலுமினியச் சட்டம் மட்டும் நின்றது. கோபால் அதன் உள்பக்கமாகச் சுற்றிப் பைப் வைத்து ரிவிட் அடித்தான். குல் கான் ஒரு மூட்டை பெல்ட்டைக் கொண்டுவந்து கொட்டினார். அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தரம் பிரித்தோம். சிலவற்றின் நடுவில் கத்தரியால் வெட்டின இடம் இருந்தது. ஆளை வெளியே எடுக்க வெட்டியது. அதைக் கையில் எடுத்ததும் குல் கான் வாய்க்குள் எதையோ ஓதித் தனியாக வைப்பார். நானும் தனியாக வைத்தேன். நீளம் போதாமல் போனாலும் அவற்றைத் தொடவில்லை. மற்றதைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, நீள வாக்கில் இழுத்துக் கட்டி, குறுக்கில் ஒன்றுவிட்டு ஒன்று நுழைத்தோம். இழுக்கும்போது குல் கான் "ஜோர் ஸே, மதராஸி, ஜோர் ஸே" என்று கத்துவார், பலமாக இழு என்று. நான் "இதுக்கு மேல இழுத்தா நீதான் வந்து விழுவே" என்று தமிழில் சொல்வேன். இரண்டு பேருக்கும் புரிந்தது. அடியில் குளிர்காற்று ஏறாமல் ஒரு கேன்வாஸ் கட்டினேன். மேலே அதே மூன்று அங்குல ஃபோம். கேன்வாஸுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் காற்று நடமாடும், ஈரம் நிற்காது. கை வைத்து அழுத்தினால் இறங்கிக் கொடுத்தது. எடுத்தால் ஏறியது. படுக்கைகளை உள்ளே தள்ளி மூடியை இறக்கினேன். இரண்டு தடவை. யாரும் ஏறி உட்காராமலே மூடியது.

மறுநாள் மத்தியானம் அம்மா வந்தார். முன்பக்கப் படுக்கையில் உட்கார்ந்தார். தடியை என்னிடம் கொடுத்தார். செருப்பை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தார். இடுப்பை நகர்த்தி, காலை ஏற்றி, கையைக் கன்னத்துக்கு வைத்துப் படுத்தார். சோதனை பார்க்கிறார் என்று நின்றோம். கல்ஃபான் "ஸைன்?" என்று கேட்டார். நல்லா இருக்கா. பதில் இல்லை. மறுபடி கேட்டார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

குல் கான் அடுத்த அடிக்கு ஓங்கின சுத்தியலை அப்படியே இறக்கி மாரில் வைத்துக்கொண்டார். கோபால் வெல்டிங் ராடைக் கீழே வைத்தான். கல்ஃபான் எதிர்க்கடைக்கு நடந்துபோய் மிஸ்ரியிடம் ஏதோ சொன்னார். கம்ப்ரஸர் நின்றது. ஒரு லாரி ரிவர்ஸில் 'பீப் பீப்' என்று வந்தது. சாகுல் பாய் குறுக்கே ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார், ரயிலை நிறுத்துகிற மாதிரி. லாரியின் பலூச்சி டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் யாருக்கும் வேலை இல்லை. நின்றோம். கேன்வாஸ் மெதுவாக ஏறி இறங்கியது, காற்றிலா அவர் மூச்சிலா தெரியவில்லை. வாய் லேசாகக் குறட்டை விட்டது. கல்ஃபான் சுவர்ப் பக்கம் திரும்பித் தலைத்துணியைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தார்.

"யோவ், நமக்கு இந்த மாதிரி தெருவ யாருய்யா நிறுத்துவா?" என்றான் கோபால், காதுக்குள்.

ஒருத்தர் தூங்குவதை அவ்வளவு நேரம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கேம்ப்பில் எல்லோரும் தூங்குவார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. செல்வி என்னை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவு வந்தது. அவள் பார்த்தது தூங்காத ஆளை.

சாகுல் பாய் கடிகாரத்தை இரண்டாவது தடவை பார்த்தபோது அம்மா கண் திறந்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். "ஷுகல் மாஃபி?" என்று அதட்டினார். வேலை இல்லையா உங்களுக்கு? கல்ஃபான் சிரித்துவிட்டார். மிஸ்ரி ஓடிப்போய்க் கம்ப்ரஸரைப் போட்டார். தெரு மறுபடி தெருவானது. காரிலிருந்து ஃபிளாஸ்க்கும் பேரீச்சம்பழமும் வந்தது. அம்மா படுக்கையில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் கஹ்வா, அரபிக் காப்பி, ஊற்றச் சொன்னார். தடியைத் திருப்பி வாங்கும்போது என்னைக் கேட்டார், இந்தியில்.

"வீடு எங்கே?"

"மதராஸ்." பெரம்பலூரை அங்கே யாருக்குத் தெரியும்.

"குழந்தை?"

"ஒரு பெண்."

"போனால் அங்கே நல்லாத் தூங்குவாயா?"

ஊர் எப்படி இருக்கும், மழை உண்டா என்றுதான் கேட்பார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை. "ஸைன்," என்றேன். அவர் கண் என்மேல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு இன்னும் இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். விடுமுறைக்கு அவர்கள் லிவா போனார்கள். அம்மாவும் போனார். வந்தபிறகு கல்ஃபான் கடைக்கு ஒரு மூட்டை ஆரஞ்சு கொண்டுவந்து இறக்கினார். எப்படித் தூங்கினார் என்று நான் கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஜனவரியில் நான் கிளம்பும்போது என் பெட்டியில் சோப்பு, தைலம், பாப்பாவுக்கு ஷூ, இவற்றுக்கு அடியில் பெல்ட். குல் கான் தரம் பார்த்துச் சுருட்டிக் கொடுத்தது. திருச்சியில் கஸ்டம்ஸ்காரர் ஒரு சுருளை எடுத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கார் பெல்ட்டு சார்."

"கார் எங்க?"

"கார் இல்ல சார். கட்டிலுக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். போ என்று விட்டுவிட்டார்.

முதல் வாரம் போன தடவை மாதிரியேதான் போனது. ஒரு மத்தியானம் தேக்குக் கட்டிலின் பலகைகளைக் கழற்றி முற்றத்தில் சாத்தினேன். பெல்ட்டை எடுத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏரோப்ளேன்ல போயி பெல்ட்டு வாங்கியாந்த ஒரே ஆளு நீங்கதான். ஊருல சொல்லிராதீங்க."

"அந்த முனையப் புடி."

பிடித்தாள். கிணற்றுக் கயிறு இழுத்த கை. குல் கானைவிட நன்றாக இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தப் பெட்டி கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அரபி அம்மா, காரில் போய் உட்கார்ந்தது, மாசமான பெட்டி, நின்றுபோன தெரு, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் என் கேம்ப் கட்டில். நான் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மாசமான பெட்டிக்குச் சிரித்தாள். அரபி அம்மா என்னிடம் கேட்ட கேள்வியைச் சொன்னபோது பெல்ட்டை இழுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நல்லாத் தூங்குவேன்னு."

"பொய்யி," என்றாள். பிறகு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அதன் மேல் தூங்கினேன். முதல் நாளே இல்லை. ஆனால் தூங்கினேன். பாப்பா என்னைத் தாண்டி ஏறிப் போவாள், கட்டில் ஆடும், மேல் பங்க்காரர் புரண்ட மாதிரி இருக்கும். வெயில் வந்த பிறகு எழுந்தேன். செல்வி அக்கம்பக்கத்தில் போய்ச் சொன்னாள், "எங்க வீட்டுக்காரரு இன்னும் எந்திரிக்கல" என்று. பெருமையாகச் சொன்னாள். நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு, விழித்த பிறகும் எழாமல் படுத்திருந்தேன்.

கிளம்புகிற அன்று காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். துவைப்பதற்காகச் செல்வி விரிப்பை உருவினாள், மெத்தையைச் சுருட்டி வெயிலில் போட எடுத்தாள். கட்டிலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். "இங்க வாங்க" என்றாள்.

பெல்ட் கட்டில் புதிதில் கொஞ்சம் தளரும். உடம்பு கிடந்த இடம் பள்ளமாகும். அவளும் பாப்பாவும் படுத்த பக்கத்தில் பள்ளம் கோணல்மாணலாக, உருண்டு, குறுக்கே போய், கால்மாடு வரை பரவியிருந்தது. என் பக்கத்தில் நேராக ஒரே ஒரு பள்ளம். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இரண்டு ஓரமும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெல்ட்கூடத் தளரவில்லை. நடுவில் இருந்த இடத்தில் இன்னொரு ஆள் படுக்கலாம்.

"இதுல சுவரும் இல்ல, கம்பியும் இல்ல. யாரு உங்கள இப்புடி ஒதுக்கிப் படுக்கச் சொன்னா?" என்றாள். கோபம் இல்லை.

வழக்கமாக என் சட்டைப் பையில் அளக்கிற டேப் இருக்கும். அவளே அதை உருவி முனையைப் பிடித்துக்கொண்டாள், பெல்ட்டைப் பிடித்த மாதிரி. மறு முனையை நான் பள்ளத்தின் மறு ஓரத்துக்கு இழுத்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாப்பா புது ஷூவோடு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு?" என்றாள் செல்வி.

முப்பது அங்குலம்.